முத்திரை ஒட்டிய செல்வம்

சோவியத் ஒன்றியத்தின் கொடி 1991 ஆம் ஆண்டிலே ஒரே நாளில் இறங்கிற்று. அதன் காசோ அவ்வளவு விரைவில் மறையவில்லை. லெனின் முகம் பொறித்த தாள்கள் மக்களின் பெட்டிகளில் தங்கியே இருந்தன. அத்தாள்களுக்கு நேர்ந்த விந்தையான கதியை அறிய விரும்புவோர், நீஸ்தர் ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள திரான்ஸ்னிஸ்திரியாவை நோக்கவேண்டும். 1990 இல் மொல்டோவாவினின்றும் பிரிந்ததாக அறிவித்து, 1992 இல் போரிட்டு, ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடெதுவும் இன்றுவரை ஏற்றுக்கொள்ளாத சிறு நிலப்பரப்பு அது.

1993 யூலையில் ருசியா பழைய சோவியத் தாள்களைச் செல்லாதனவாக்கிற்று. செல்லாக்காசு, செல்லுமிடந் தேடி ஓடுமன்றோ? அவை இக்கரையிலே வந்து குவியலாயின. ஆட்சியினர் ஓர் உபாயங் கண்டனர். 1994 இன் தொடக்கத்தில், தபால் முத்திரை போன்றதோர் ஒட்டுத்தாளைப் பழைய தாள்களின்மேல் ஒட்டி, ஒட்டியதே செல்லும் என்றனர். அம்முத்திரையிலே 18 ஆம் நூற்றாண்டுத் தளபதி சுவோரோவின் உருவம். தலைநகர் திராஸ்போலின் கோட்டை 1792 இல் எழுந்தது அவர் முயற்சியாலேயே. பேரரசி கதரீனின் சேனாபதியும் லெனினும் ஒரே தாளில் வீற்றிருந்த காட்சியை, லெனின் காணாமற் போனது நன்றே!

அவ்வாண்டு ஓகஸ்டிலே சொந்தத் தாள் வந்தது. பழைய ரூபிள் ஆயிரத்துக்குப் புதியது ஒன்று. விலையேற்றம் அதனையும் விழுங்கிற்று. 1996 இல், ஒரு ரூபிள் தாளின்மேலேயே 10,000 என மறுபடி அச்சிட்டனர். 1997 இல் 500,000 ரூபிள் தாளும் வெளிவந்தது. 2001 தொடக்கத்தில் பத்து இலட்சத்துக்கு ஒன்றென மீண்டும் மாற்றினர். கணக்கிட்டுப் பாருங்கள்: முத்திரை ஒட்டிய ரூபிள் நூறு கோடிக்கு, ஏழாண்டில் எஞ்சியது ஒரேயொரு ரூபிள். நூறு கோடி எவரிடம் இருந்தது? வாழ்நாளெல்லாம் உழைத்துச் சில ஆயிரம் சேர்த்துவைத்த முதியவளுக்குக் கிடைத்தது, எந்தக் காசாலும் கொடுக்கவியலாத பின்னம்.

புதிய தாள்களோ அழகியவை. சிறு தாள்களிற் சுவோரோவ். 50 ரூபிளில் உக்ரேனியக் கவிஞர் ஷெவ்சென்கோ. 100 இல் மொல்டேவிய மன்னர் கன்தெமீர். மூவினத்தாருக்கும் ஓரிடம் என்பது கருத்துப்போலும். ஆயினும் கன்தெமீர், 1711 இல் ருசியச் சக்கரவர்த்தி பீட்டருடன் கூடித் துருக்கியரை எதிர்த்துத் தோற்று, ருசியாவிற் புகலடைந்தவர். அவரைத் தெரிந்தெடுத்தவர் வரலாற்றை நன்கு படித்தவரே.

2014 இலிருந்து பிளாஸ்ரிக் நாணயங்களும் வழங்குகின்றன. ஒரு ரூபிள் வட்டம், மூன்று ரூபிள் சதுரம், ஐந்து ஐங்கோணம், பத்து அறுகோணம். ஆற்றைக் கடந்து மொல்டோவாவின் தலைநகருக்குச் செல்வோர், மீந்தவற்றைப் புறப்படுமுன்னரே மாற்றிக்கொள்கின்றனர். அங்குள்ள வங்கிகள் அவற்றை ஏற்பதில்லை.