வலம்புரிச் சங்கின் இன அடையாளம்: சுருள் திசையும் நடுத்தண்டு மடிப்புகளும்

திறவுச்சொற்கள்: சங்கு, வலம்புரி, சுருள் திசை, நடுத்தண்டு, மடிப்பு, வளையல்

முன்னுரை

சங்கு என்னும் சொல் கடல் நத்தைகள் பலவற்றுக்கும் பொதுப்பெயராக வழங்கினும், வழிபாட்டிலும் வளையல் தொழிலிலும் அது சிறப்பாகக் குறிப்பது ஓர் இனத்தையே. 1767இல் லின்னேயஸ் விவரித்த அவ்வினம் இன்று டர்பினெல்லா பைரம் எனப்படுகிறது. மன்னார் வளைகுடாவின் மணற்பாங்கான தரையில் வாழும் இது, கடற்புழுக்களை வேட்டையாடி உண்ணும் ஊனுண்ணியாகும். இவ்வினத்தில் மிக அரிதாகத் தோன்றும் எதிர்ச்சுருள் உயிரியின் ஓடே வலம்புரி. சுருள் திசை ஒன்றை மட்டும் கண்டு ஓர் ஓட்டினை வலம்புரி எனப் பதிவுசெய்வது ஏன் பிழைக்கு இடந்தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திசைச் சொல்லின் சிக்கல்

உயிரியலார் ஓட்டின் கூம்பு முனையை மேல்நோக்கிப் பிடித்து, வாய்ப்பகுதியைத் தம்மை நோக்கித் திருப்புவர். வாய் வலப்பக்கம் அமைந்தால் வலச்சுருள். இடப்பக்கம் அமைந்தால் இடச்சுருள். இம்முறைப்படி சாதாரணச் சங்கு வலச்சுருளுடையது, வலம்புரியோ இடச்சுருளுடையது. கூம்பு முனை கீழாக வருமாறு பிடித்தால் வலம்புரியின் வாய் வலப்பக்கம் தோன்றும். மாறுவது பார்வைநிலையே அன்றிச் சுருள் அன்று. ஆங்கிலக் கட்டுரைகளிலிருந்து குறிப்பெடுக்கும் ஆய்வாளர் இதனைக் கருத்திற்கொள்ளாவிடில் இரு சங்குகளும் இடம்மாறிவிடும். ஒளிப்படச் சான்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டால் எந்தச் சங்கும் வலம்புரியாகிவிடும்.

நடுத்தண்டு மடிப்புகள்

மெக்சிகோ வளைகுடாவிலும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் வாழும் லைட்னிங் வெல்க் என்னும் கடல் நத்தை இயல்பாகவே இடச்சுருளுடையது. அங்கு அது அரியதன்று. டெக்சாஸ் மாநிலம் 1987இல் அதனைத் தன் மாநிலச் சிப்பியாக ஏற்றது. அவ்வோடுகளே இந்தியச் சந்தையில் வலம்புரியாக விற்கப்படுவதுண்டு. அவற்றின் தோளில் புடைப்புகளும் மேற்பரப்பில் பழுப்பு நிறக் கீற்றுகளும் காணப்படும். ஆயினும் இவற்றை அரத்தால் தேய்த்து அகற்றிவிடலாம். டர்பினெல்லாவின் பழுப்புநிறப் புறத்தோலும் உரித்து மெருகிடப்பட்ட ஓட்டில் எஞ்சுவதில்லை. எனவே நிறத்தையும் மேற்பரப்பையும் நம்புவதற்கில்லை.

நம்பத்தக்கது வாயின் உட்புறம். சங்கின் சுற்றுகள் யாவும் ஓர் அச்சுத்தண்டைத் தழுவி வளர்கின்றன. டர்பினெல்லாவில் அத்தண்டின் நடுப்பகுதியில் மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் ஏறத்தாழக் கிடையாக எழுந்து, தண்டைச் சுற்றி உள்ளே செல்கின்றன. லைட்னிங் வெல்க்கின் தண்டோ மழமழப்பானது. வாயினுள் விரலை நுழைத்தே இவ்வேறுபாட்டை உணரலாம்.

மடிப்பு இருப்பது மட்டுமே போதுமா என்னும் வினாவும் எழும். போதாது. நம் கடலிலேயே கிடைக்கும் பிளூரோப்ளோகா டிரபீசியம் என்னும் இனத்திலும் மடிப்புகள் உண்டு. ஆனால் அவை மெலிந்தவை. தண்டின் அடிப்பகுதியில் சாய்வாக அமைந்தவை. அதன் வாயினுள் செம்பழுப்புக் கோடுகளும் ஓடும். ஆகவே மடிப்பின் தடிமனும் இடமும் சேர்த்தே நோக்கத்தக்கன.

உடைந்த துண்டுகள்

அகழாய்வில் முழுச் சங்கு கிடைப்பது அரிது. வளையல் துண்டும் அறுத்த கழிவுமே மிகுதி. மெருகிட்ட வளையல் துண்டைக் கொண்டு இனத்தைத் துணிவது கடினம். ஏனெனில் வளையல் சுற்றின் சுவரிலிருந்து ஆக்கப்படுவது. தண்டு அதில் இடம்பெறுவதில்லை. வளையல் அறுத்தபின் எஞ்சும் துண்டினைப் பகன்றையின் திருகிய அரும்புக்கு உவமையாக்குகிறது அகநானூற்றின் 24ஆம் பாடல். கைவினைஞன் வீசியெறிந்த அத்தகைய கழிவில் தண்டும் ஒட்டியிருப்பின், அதன் மடிப்புகளே இனத்தைச் சொல்லும். அகழாய்வுப் பதிவேட்டில் ‘சங்குக் கழிவு’ என்று ஒரே சொல்லில் அடக்காமல், தண்டுத் துண்டுகளைத் தனியே எண்ணி, மடிப்புகளின் எண்ணிக்கையையும் குறித்தல் வேண்டும்.