பொதுக் கணிப்பொறியில் ஒரு படிப்புரை

நாஞ்சில் நாட்டின் பழைய வீடுகளைக் கண்டவர்களுக்குப் படிப்புரை இன்னதென்று நான் விளக்க வேண்டுவதில்லை. தெருவிலிருந்து வருவோர் படிப்புரை வரையில் தாராளமாக வரலாம், அமரலாம், வீட்டார் அங்கே வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் நெல்லும் நகையும் இருக்கும் அரங்கிற்குள் நுழைய அவர்களுக்கு உரிமை கிடையாது. பலரும் பயன்படுத்தும் ஒரு லினக்ஸ் கணிப்பொறியில் ஆளுக்கொரு முகப்புப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் ஏற்பாடும் இத்தகையதே.

லினக்ஸ் தன் பயனர் ஒவ்வொருவருக்கும் ஓர் இல்லக் கோப்புறையைத் தருகிறது. கடிதம், கட்டுரை, கடவுச் சாவி யாவும் அதனுள் இருக்கும். அதற்குள்ளே 'பப்ளிக் எச்டிஎம்எல்' என்ற பெயரில், இரு சொற்களுக்கும் நடுவே ஓர் அடிக்கோடிட்டு, வேறொரு கோப்புறையைப் பயனர் உண்டாக்குகிறார். அதுவே படிப்புரை. அப்பாச்சி என்னும் வலை வழங்கியில் 'யூசர்டிர்' என்றொரு கூறு உண்டு. கணிப்பொறியின் முகவரியை அடுத்துச் சாய்கோடும், அலைபோல் வளைந்த டில்டா குறியும், பயனரின் பெயரும் வருமானால், அப்பயனரின் படிப்புரையிலுள்ள பக்கத்தை எடுத்துக் காட்டுவது அக்கூறின் வேலை. இவ்வழக்கம் புதிதன்று. 1995இல் அப்பாச்சி தோன்றுமுன்பே, அதற்கு மூலமாயிருந்த இல்லினாய்ப் பல்கலைக்கழக வழங்கியில் இது இருந்தது.

டெபியன் வகை லினக்சில் இக்கூறு தொடக்கத்தில் உறங்கியே கிடக்கும். நம் பள்ளி மடிக்கணினிகள் பலவற்றில் இடம்பெற்ற பாஸ் லினக்சும் டெபியனின் வழிவந்ததே. நிருவாகி அக்கூறை எழுப்பி, வழங்கியை மறுபடி தொடங்கவேண்டும். அவர் செய்யவேண்டியது பெரும்பாலும் அவ்வளவுதான். இடர் விளைவது அடுத்த படியில், உரிமைகளை வகுக்கும்போது.

இதற்குக் கூட்டல் தெரிந்தால் போதும். படிக்க 4, எழுத 2, உட்புக 1. உடையவர், குழுவினர், பிறர் என்ற வரிசையில் மூன்று இலக்கங்கள். வலை வழங்கி உங்களுக்குப் 'பிறர்' என்பதை மறவாதீர்கள். இல்லக் கோப்புறைக்கு 711 என்றால், உடையவருக்கு எல்லாம் உண்டு. மற்றவர்கள் ஊடே நடந்து செல்லலாம், என்னென்ன இருக்கிறதென்று பட்டியலிட்டுப் பார்க்க முடியாது. விளக்கணைத்த முற்றத்தைக் கடந்து செல்வது போல என்று கொள்ளுங்கள். படிப்புரைக்கு 755, அதிலுள்ள பக்கங்களுக்கு 644. ஆயினும் ஒன்று: இருட்டிலும் இன்ன இடத்தில் இன்ன பொருள் என்று பெயரறிந்தவன் கைநீட்டி எடுத்துவிடுவான். ஆதலால் மறைவாயிருக்கவேண்டிய கோப்பு ஒவ்வொன்றுக்கும் 600 என்று தனித்தே பூட்டவேண்டும்.

2021இல் வெளிவந்த 21.04 பதிப்பிலிருந்து உபுண்டு லினக்ஸ், புதிய இல்லக் கோப்புறைகளை 750 என்றே அமைக்கிறது. பிறர்க்கு ஒன்றுமில்லை. எனவே எல்லாம் செய்து முடித்தபின்னும் திரையில் 403 என்ற எண் தோன்றும். 'இருக்கிறது, உனக்கு இடமில்லை' என்பது அதன் பொருள். 404 வேறு, அது 'அப்படி ஒன்று இல்லை' என்பது. பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் பின்னதும், உரிமையில் குறை இருந்தால் முன்னதும் வரும். இவ்வேறுபாட்டை அறியாத சிலர், 403ஐக் கண்டவுடன் இல்லம் முழுவதற்கும் 777 என்று கொடுத்துவிடுகிறார்கள். பக்கம் உடனே திறக்கும், மகிழ்ச்சியும் உண்டாகும். ஆனால் அதே பொறியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் உங்கள் கோப்பைப் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். கதவு இறுகினால் எண்ணெய் இடுவார்களேயன்றிக் கதவையே கழற்றி எறிவாருண்டோ?

இன்னொரு சிறு செய்தி. 'இண்டெக்ஸ்' என்னும் முதற்பக்கத்தை வைக்க மறந்தால், வழங்கி பல இடங்களில் படிப்புரையிலுள்ள கோப்புகளின் பெயர்களையெல்லாம் வந்தவர்க்கு வரிசையாகக் காட்டிவிடும்.

இத்தனை பாடு எதற்கு, இலவச இடந்தரும் நிறுவனங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தன. 1990களில் தமிழன்பர் பலர் ஜியோசிட்டீஸ் என்னும் இலவச மனையில் தத்தம் பக்கங்களை எழுப்பினர். 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் அதை மூடிற்று. வேறிடத்தில் படி வைக்காதவர்களின் பக்கங்கள் பல மறைந்தொழிந்தன. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கலியாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமோ, பல நாட்டுத் தன்னார்வலர்கள் உள்ளிட்ட நூல்களோடு இன்றும் நிற்கிறது. அதன் கோப்புகள் ஒரே இடத்தில் அடைபடாமல், எவரும் படியெடுத்து வைத்துக்கொள்ளும்படி இருப்பதை நோக்குங்கள்.

கல்லூரிக் கணக்கும் நிலையானதன்று; படிப்பு முடிந்தால் மூடப்படும். அதற்கு முன்பே படிப்புரைக் கோப்புறையை அப்படியே ஒரு பென்டிரைவில் படியெடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு லினக்ஸ் பொறியில் உங்கள் இல்லத்துள் அதே பெயரில் வைத்து, 711, 755, 644 என்ற எண்களைச் சரிபார்த்தால், டில்டாவுக்குப் பின் உங்கள் பெயரோடு அப்பக்கம் மீண்டும் திறக்கும்.