‘ஷி’ என்னும் குடிப்பெயர்: சீனத்தில் ஓர் இலங்கைக் குடும்பம்

தமிழரிடையே குடிப்பெயர் பூணும் வழக்கம் பெரிதும் இல்லை. தந்தையின் பெயர் மகன் பெயருக்கு முன்னெழுத்தாக நிற்கும். பேரன் காலத்தில் அவ்வெழுத்தும் மாறிவிடும். ஆதலின் ஒரு தமிழ்ப் பெயரைக் கண்ட அளவில், அப்பெயருடையாரின் முன்னோர் பத்துத் தலைமுறைக்கு முன் எங்கிருந்தனர் என்று கூற இயலாது. சீனர் வழக்கம் இதற்கு நேர்மாறானது. குடிப்பெயர் முன்னே நிற்கும். இட்ட பெயர் பின்னே வரும். தந்தைவழியாக அக்குடிப்பெயர் பல நூற்றாண்டுகள் மாறாது தொடரும். அதனால் சீனத்தில் ஒரு குடிப்பெயர் பெயர் மட்டுமன்று. அது ஓர் ஆவணமுமாகும்.

அத்தகைய ஆவணங்களுள் மிக அரிய ஒன்று, தென்சீனத்தின் பூசியன் மாநிலத்துச் சுவான்சௌ நகரில் உள்ளது. ‘ஷி’ என்பது அக்குடிப்பெயர். அப்பெயருடையார் தம் முன்னோரை இலங்கை அரச குடும்பத்தவர் என்பர். இக்கூற்று எவ்வளவு உறுதியானது? அச்சிறு குடும்பம் ஐந்நூறு ஆண்டுகள் தன் பெயரை இழவாமல் நின்றது எவ்வாறு? இவ்விரு வினாக்களும் ஆராயத்தக்கன.

பெயரின் பொருள்

இப்பெயரைக் குறிக்கும் சீன எழுத்துக்குத் தலைமுறை, காலம், உலகம் என்னும் பொருள்கள் உண்டு. கி.பி. 100 அளவில் தொகுக்கப்பட்ட ‘ஷுவோவென்’ என்னும் பழைய சீன அகராதி, முப்பது ஆண்டு கொண்டது ஒரு ‘ஷி’ என்று இலக்கணம் வகுத்தது. மூன்று பத்துகளைச் சேர்த்தெழுதிய வடிவே இவ்வெழுத்து என்பது அந்நூலின் விளக்கம்.

தலைமுறை என்னும் சொல் ஒரு குடும்பத்தின் பெயரானது எங்ஙனம்? சீன அரசவை வழக்கில் பேரரசரின் பட்டத்து இளவரசருக்குத் ‘தைசி’ என்பது பட்டம். பேரரசருக்குக் கீழ்ப்பட்ட அரசரின் பட்டத்து மைந்தனுக்கு ‘ஷிசி’ என்பது பட்டம். தலைமுறையைத் தொடரும் மகன் என்பது அதன் பொருள். வெளிநாட்டு மன்னர்களையும் தமக்குக் கீழ்ப்பட்டவராகவே கருதியது மிங் பேரரசு. ஆகவே இலங்கை மன்னனின் மைந்தன் சீனத்துக்கு வந்தால் அவனுக்குரிய பட்டம் ‘ஷிசி’ என்பதே. அப்பட்டத்தின் முதலெழுத்தே வழித்தோன்றல்களின் குடிப்பெயராயிற்று என்பது சுவான்சௌ மரபு.

அயல்நாட்டார் இங்ஙனம் ஓரெழுத்துப் பெயர் பூண்டது அந்நகரில் புதுமையன்று. அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்து தங்கிய முஸ்லிம் வணிகர் பலர் சீனக் குடிப்பெயர் ஏற்றனர். ‘அபூ’ என்னும் அரபுச் சொல்லின் ஒலியிலிருந்து ‘பூ’ என்னும் குடிப்பெயரும், ‘உத்தீன்’ என முடியும் பெயர்களின் ஈற்றொலியிலிருந்து ‘திங்’ என்னும் குடிப்பெயரும் அமைந்தன என்பர். சுவான்சௌவை அடுத்த சென்தை என்னுமிடத்துத் திங் குடியினர் இன்று பல்லாயிரவர். ஷி குடும்பமோ ஒரு சில இல்லங்களில் அடங்கிவிட்டது.

துறைமுகமும் தூதும்

அரபு வணிகர் ‘சைத்தூன்’ என்றழைத்த பெருந்துறைமுகமே சுவான்சௌ. தமிழரும் அங்கு வாழ்ந்தனர். 1281ஆம் ஆண்டில் அந்நகரில் சிவபெருமானுக்குத் திருவுருவம் எழுந்தருளுவித்த செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டொன்று 1956இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. அதை நிறுவியவர் பெயர் சம்பந்தப் பெருமாள். கல்வெட்டின் இறுதி வரி சீன எழுத்தில் உள்ளது. நகரின் கையுவான் பௌத்தக் கோயிலில், இந்துக் கோயிலொன்றிலிருந்து பெயர்த்தெடுத்து நட்ட சிற்பத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. 2021இல் அந்நகரின் தொல்லிடங்கள் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

இலங்கையோடு மிங் பேரரசுக்கு ஏற்பட்ட தொடர்பு, கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணங்களால் நெருக்கமாயிற்று. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலித் துறையில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகியவையே அம்மும்மொழிகள். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. பின்னர் அழகேசுவரன் என்னும் தலைவன் செங் ஹோவோடு பொருது தோற்று, 1411இல் சீனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டான். அதன்பின் கோட்டை நகரில் ஆறாம் பராக்கிரமபாகு அரசேறி, 1467 வரை நெடுங்காலம் ஆண்டான். அவன் காலத்தில் தூதுகள் பன்முறை சீனம் சென்றன.

அவற்றுள் இறுதியானது 1459ஆம் ஆண்டுத் தூது. மிங் வரலாறு அவ்வாண்டில் இலங்கை மன்னன் திறை அனுப்பியதைக் குறித்து, அதற்குப்பின் இலங்கையர் வரவில்லை என்று முடித்துவிடுகிறது. பேரரசின் ஏடு முடியும் இடத்தில் குடும்பத்தின் கதை தொடங்குகிறது.

ஏடுகள் கூறுவன

சுவான்சௌ நகரை உள்ளடக்கிய சின்சியாங் மாவட்டத்துக்குச் சிங் ஆட்சிக் காலத்தில் எழுதப்பட்ட ஊர்வரலாற்று நூல், ஷி கொங்சியன் என்னும் அறிஞரைக் குறிப்பிடுகிறது. அவர் 1713ஆம் ஆண்டில் மாநிலத் தேர்வில் தேறியவர். இலங்கைத் தலைவர் ஒருவரின் வழிவந்தவர் என்றும் அந்நூல் கூறுகிறது. மன்னன் தன் மைந்தனைத் திறையோடு அனுப்பியதும், அவன் திரும்பாது அவ்வூரிலேயே தங்கியதும், வழித்தோன்றல்கள் ‘ஷி’ எனப் பெயர் பூண்டதும் அவ்வூர் மரபாக வழங்குகின்றன.

1990களில் நகருக்கு அருகேயுள்ள சிங்யுவான் மலையில், ‘ஷி குடும்பத்துப் பள்ளம்’ என்று மக்கள் வழங்கிய இடத்தில், அக்குடியினரின் கல்லறைகள் அறிஞர் பார்வைக்கு வந்தன. அதே காலத்தில், தாம் அவ்வழியினர் என்று ஒரு குடும்பத்தார் வெளிப்பட்டனர். இலங்கையிலும் அச்செய்தி வியப்போடு வரவேற்கப்பட்டது.

இனி, இச்சான்றுகளை எடைபோட வேண்டும். 1459ஆம் ஆண்டுத் தூது பேரரசின் வரலாற்றிலேயே உள்ளது, அதில் ஐயமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை மரபினர் எனப் பெயர்பெற்ற கற்றறிந்த குடும்பம் ஒன்று சுவான்சௌவில் இருந்தது என்பதற்கு ஊர்நூல் சான்று. ஆனால் வந்தவன் பட்டத்து இளவரசன் என்பதை மிங் வரலாறு கூறவில்லை. நாட்டில் அரசுரிமைப் போர் மூண்டதால் அவன் திரும்பவில்லை என்பது வழங்கும் கதை. பராக்கிரமபாகு மறைந்தது 1467இல். அவனுக்குப்பின் அரசேறிய பேரன் சயபாகுவைக் கொன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சபுமல் குமாரன் அரியணையைக் கைப்பற்றினான். ஆகவே தூது சென்றதற்கும் பூசல் விளைந்ததற்கும் இடையே எட்டாண்டு இடைவெளி உண்டு. கதையை ஏற்போர் இவ்விடைவெளிக்கு விடை கூறல் வேண்டும். தூதுவர் பல்லாண்டு தங்குவது அக்காலத்தில் அரிதன்று எனினும், அதுவே முழுச் சான்றாகாது.

எனவே ஷி என்னும் பெயர் உறுதியாகச் சான்று பகர்வது இலங்கைத் தொடர்புக்கே. முடியுரிமைக்கு அது சான்றாகாது. தொடர்பு வேறு, தகுதி வேறு என்று பிரித்துணர்வதே ஆராய்ச்சி நெறி.

அரிய பெயர்கள் அழிவது ஏன்?

இன்று சீனத்தில் வழங்கும் குடிப்பெயர்கள் ஏறத்தாழ 6,000. வாங், லீ என்னும் பெயர்களை உடையோர் தனித்தனியே 10 கோடிக்கு மேற்பட்டவர். மக்களுள் 100க்கு 85 பேர் ஏறக்குறைய 100 பெயர்களுக்குள் அடங்கிவிடுகின்றனர். எஞ்சிய 15 பேரே மற்ற 5,900 பெயர்களையும் பங்கிட்டுக் கொள்கின்றனர்.

பெருங்குடிகள் பெருகுவதும் சிறுகுடிகள் மறைவதும் அறிவாலோ வலிமையாலோ மட்டும் நேர்வதன்று. 1870களில் இங்கிலாந்தில் கால்டன் என்னும் அறிஞர் இவ்வினாவை எழுப்பினார். வாட்சன் என்னும் பாதிரியார் கணித முறையில் விடை காண முயன்றார். எல்லாக் குடிப்பெயர்களும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று அவர் முடிவு கட்டியது பிழை. பெருகிவரும் மக்கட்டொகையில் சில பெயர்கள் என்றும் நிலைக்கக் கூடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அவர் காட்டிய கணக்குமுறை பயனுடையது.

ஓர் ஊரில் 100 ஆடவர் வாழ்வதாகக் கொள்வோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குடிப்பெயர். நால்வரில் ஒருவருக்கு ஆண்மகவு இல்லை. இருவருக்கு ஒவ்வொரு மகன். ஒருவருக்கு இரண்டு மக்கள். இந்நிலை தலைமுறைதோறும் மாறாதென்க. ஊரின் மக்கட்டொகை சராசரியாகக் கூடாது, குறையாது. எனினும் முதல் தலைமுறையிலேயே 25 பெயர்கள் அழியும். இரண்டாம் தலைமுறையில் அழிந்தவை 39 ஆகும். ஐந்தாம் தலைமுறையில் 60. பத்தாம் தலைமுறையில் 74. 1459 முதல் 1999 வரை 540 ஆண்டுகள். பழைய அகராதிக் கணக்கின்படி அவை 18 ‘ஷி’. பதினெட்டாம் தலைமுறையில் 83 பெயர்கள் அழிந்து, 17 பெயர்களே எஞ்சியிருக்கும். போரும் பஞ்சமும் நோயும் இக்கணக்கில் சேரவில்லை.

பெயரைக் காத்தவர் யார்?

மகனில்லாதவன் மகவு ஏற்றுக்கொள்ளலாமே எனின், அங்கும் ஒரு தடை இருந்தது. வேற்றுக் குடிப்பெயர் உடைய பிள்ளையை வழித்தோன்றலாக ஏற்றுக் குடிமுறையைக் குழப்புவோருக்கு மிங் சட்டம் பிரம்படித் தண்டனை விதித்தது. வாங் குடியினருக்கு இது துன்பமன்று. அடுத்த தெருவிலேயே மற்றொரு வாங் குடும்பம் இருக்கும். கடல் கடந்து வந்த ஒற்றைக் குடும்பம் எங்கே செல்லும்? தன் பெயருடைய உறவுக் கிளை அதற்கு வேறெங்கும் இல்லை. ஆகவே பெயரின் தூய்மையைக் காக்க எழுந்த சட்டமே அரிய பெயர்களுக்கு இடராயிற்று.

பூசியன் மக்கள் நடைமுறையில் வேறு வழி கண்டனர். வேற்றுக் குடிப் பிள்ளைகளை வளர்ப்பதும், மகளுக்கு வீட்டோடு மருமகனைக் கொண்டு, பிறக்கும் பிள்ளைகளுள் ஒருவருக்கேனும் தாய்வழிப் பெயரை இடுவதும், இரு குடிப்பெயர்களையும் இணைத்து வழங்குவதும் அங்கே பரவலாயின. 1990களில் வெளிப்பட்ட ஷி வழியினரின் பெயரிலும் ‘சூ’ என்னும் குடிப்பெயரோடு ‘ஷி’ இணைந்தே நிற்கிறது. ஆண்வழி ஒன்றையே நம்பியிருந்தால் எழுத்து நெடுநாட்களுக்கு முன்பே மறைந்திருக்கும். சட்டத்தின் கண்ணில் பெயருக்கு உரிமையில்லாத மகளிரே பெயரைக் காத்தவர் ஆயினர்.

ஒலியை நம்பலாகாது

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சீனத்தில் ‘ஷி’ என ஒலிக்கும் குடிப்பெயர்கள் பல. அவை எழுத்தாலும் ஒலியின் ஏற்ற இறக்கத்தாலும் வேறுபடுவன. அவற்றுள் ஒன்று சின்சியாங் வட்டாரத்தில் மிகப் பரவிய பெருங்குடியின் பெயர். அதற்கும் இலங்கைக்கும் தொடர்பில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் ஹொக்கியன் மக்களுள் பலரின் முன்னோர் சுவான்சௌ வட்டாரத்தவரே. எனினும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு எவரையும் இலங்கை மரபினர் எனல் தவறாகும். அதே எழுத்தை உடையோருள்ளும் வேறு வழியினர் இருத்தல் கூடும். இலங்கைத் தூதுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஷி ஷுவோ என்னும் சீன அறிஞர் ஒருவர் வாழ்ந்திருக்கிறார். எழுத்து, ஊர், குடும்ப ஏடு, கல்லறை ஆகிய நான்கும் ஒத்தால்தான் முடிவு கூறலாம்.

மலாக்காச் செட்டிகளின் நிலையும் இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. மலாக்கா அரசின் காலத்தில் வந்து தங்கிய வணிகரின் வழியினரான அவர்கள் மலாய் மொழி பேசுவோராயினர். ஆயினும் சைவ வழிபாட்டோடு பிள்ளை, செட்டி, நாயக்கர் முதலிய பெயர்களையும் விடாது காத்து வருகின்றனர். தாய்நாட்டில் குலப்பட்டமாக நின்றது, குடியேறிய நாட்டில் குடும்பப் பெயராக இறுகியது. சுவான்சௌவிலும் இளவரசுப் பட்டமாகக் கூறப்படும் ஒரு சொல் குடிப்பெயராக இறுகியது. மொழி மறையலாம், உடையும் உணவும் மாறலாம், பெயர் எஞ்சுகிறது.

வகுப்பறைப் பதிவேட்டில் வழக்கத்துக்கு மாறான பெயரொன்று காணப்படின், அதைப் பிழையென்று திருத்துமுன் அதன் வரலாற்றைக் கேட்டறிதல் ஆசிரியர் கடன். ஊரும் காலமும் குறித்து, பாட்டன் பாட்டியர் வாய்மொழியையும் சேர்த்து எழுதி வைத்தால், பின்வரும் ஆராய்ச்சியாளருக்கு அதுவே முதற்சான்றாகும். சுவான்சௌவில் ஊர்வரலாறு எழுதியவர் ஷி கொங்சியனின் மரபைக் குறித்து வைக்காதிருந்தால், மலையிலுள்ள கல்லறைகள் யாருடையவை என்பதற்கு இன்று சான்று தேடுவது அரிதாயிருக்கும்.