கொடைக்கானல் கிளம்புறீங்களா? 'இ-பாஸ்' இருக்கா?
திண்டுக்கல்,

மே மாதக் கடைசி வந்தால் திண்டுக்கல்லில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ளே கொடைக்கானல் போயிட்டு வந்துடலாம்!"

ஆசை மட்டும் இருந்தால் போதாது. காரில் போகிறவர்களுக்கு 'இ-பாஸ்' வேண்டும்! ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந் தேதி முதல் இந்தக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது.

பாசுக்குக் காசு கிடையாது. வண்டி நம்பர், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் என்று செல்போனிலேயே பதிவு செய்யலாம்.

4 ஆயிரம்தான்!

2025-ல் பிடி இன்னும் இறுகியது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நாள் ஒன்றுக்கு 4 ஆயிரம் வாகனங்கள். சனி, ஞாயிறு 6 ஆயிரம். அதற்கு மேல் பாஸ் இல்லை. அரசு பஸ்களும், உள்ளூர் வாகனங்களும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

லீவு போட்டு, ரூமுக்குப் பணம் கட்டி, குழந்தை குட்டிகளோடு அடிவாரம் வரை போய்த் திரும்பினால் யாருக்கு நஷ்டம்? எனவே முதலில் பாஸ், பிறகு ரூம்!

பஸ்சுக்கு வேண்டாம்

அரசு பஸ்சில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வத்தலக்குண்டு வழியாக ஏறினால் சுமார் 95 கிலோமீட்டர்தான்.

தண்ணீர் பாட்டிலிலும் கவனம் தேவை. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. மீறினால் பாட்டிலுக்கு 20 ரூபாய் என்று 2024-ல் அறிவிக்கப்பட்டது.

ரெயிலில் வரும் வெளியூர் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 'கொடைக்கானல் ரோடு' ஸ்டேஷன் மலையில் இல்லை. அங்கே இறங்கினால், இன்னும் 80 கிலோமீட்டர் பாக்கி!