பென்குயின் பக்கத்துல ஒரு மணி நேரம் நிற்க எவ்வளவு ஆகும்? அண்டார்டிகா க்ரூஸ் கணக்கு

"ப்ரோ, பர்சனல் லோன் போட்டு அண்டார்டிகா போலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். சிரிக்க வேண்டாம். ஆசை நியாயமானதுதான், கணக்கு மட்டும் சரியா போடணும்.

நீங்க வாங்குறது கப்பல் ரூம் இல்ல

பெரும்பாலான பயணங்கள் அர்ஜென்டினாவோட உஷுவாயா துறைமுகத்துல தொடங்குது. டிரேக் நீரிணையைக் கடக்கவே போக 2 நாள், வர 2 நாள். 10 நாள் டிரிப்ல, அண்டார்டிக் தீபகற்பத்துல உங்களுக்குக் கிடைக்கிறது 4, 5 நாள்தான். அங்க கப்பல் கரையில நிற்காது. சோடியாக் எனும் ரப்பர் படகுல சுமார் பத்துப் பத்து பேரா இறக்கிவிடுவாங்க. அந்தக் கரை நேரத்துக்குத்தான் நீங்க காசு கொடுக்குறீங்க.

விலையை மாத்துற ஒரு விதி

1991-ல் தொடங்கின ஐயாட்டோ எனும் சுற்றுலா நிறுவனங்களோட சங்கம் சில விதிகள் வெச்சிருக்கு. ஒரு இடத்துல ஒரே நேரத்துல 100 பயணிகளுக்கு மேல கரையில இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல ஏத்திட்டு வர்ற கப்பல் யாரையும் இறக்கவே கூடாது.

இப்போ ஒரு உதாரணக் கணக்கு. டாலர் 90 ரூபாய், விமானம், ஹோட்டல், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 3.8 லட்சம், மொத்தம் 8 தடவை இறங்குறோம்னு வெச்சுக்கலாம்.

- 200 பேர் கப்பல், 8,000 டாலர்: மொத்தம் 11 லட்சம். ரெண்டு குழுவா பிரிச்சு இறக்குவாங்க, அதனால தலா 1.5 மணி நேரம். மொத்தம் 12 மணி. ஒரு மணிக்கு சுமார் 91,700 ரூபாய்.
- 100 பேர் கப்பல், 11,000 டாலர்: மொத்தம் 13.7 லட்சம். எல்லாரும் ஒண்ணா இறங்கலாம், தலா 3 மணி. மொத்தம் 24 மணி. ஒரு மணிக்கு சுமார் 57,100 ரூபாய்.

விலை அதிகமான டிக்கெட்தான் இங்க மலிவு! "செம ஆஃபர்"னு வர்ற பெரிய கப்பல்ல கரை நேரம் பூஜ்யம். புக் பண்றதுக்கு முன்னாடி "எத்தனை பயணிகள்?"னு கேளுங்க.

கரையில என்ன நடக்கும்?

இறங்குறதுக்கு முன்னாடியே பை, பேன்ட் மடிப்பு, வெல்க்ரோ எல்லாத்துலயும் விதை ஒட்டியிருக்கான்னு பார்ப்பாங்க. பூட்ஸைக் கிருமிநாசினியில கழுவணும். கரைக்குச் சாப்பாடு கொண்டு போகக் கூடாது. பென்குயின்கிட்டயிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கணும். அதுவா பக்கத்துல வந்தா அசையாம நில்லுங்க. கூட்டுக்கும் கடலுக்கும் நடுவுல அது நடந்து நடந்து போட்ட பாதையை மறிக்கக் கூடாது. பறவைக் காய்ச்சல் பயத்தால பனியில உட்காரவோ படுக்கவோ கூட அனுமதி இல்ல. குவர்வில் தீவு, நெக்கோ துறைமுகம் மாதிரி இடங்கள்ல ஜென்டூ பென்குயின் கூட்டங்களைப் பார்க்கலாம்.

மாதமும் முக்கியம். நவம்பர்ல கூடு கட்டும், டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை குஞ்சுகள், பிப்ரவரி, மார்ச்ல திமிங்கிலங்கள். சீசனோட ரெண்டு ஓரத்துலயும் விலை பொதுவா குறையும்.

மறைஞ்சிருக்கிற செலவு, ரிஸ்க்

காத்து அடிச்சா, பனிக்கட்டி மறிச்சா, இறக்க மாட்டாங்க. 8 தடவை 5 ஆகலாம். அதுக்குப் பணம் திரும்ப வரும்னு எதிர்பார்க்காதீங்க. அவசர மருத்துவ வெளியேற்றக் கவரேஜ் இல்லாத இன்சூரன்ஸ் எடுக்கவே எடுக்காதீங்க. டூர் பேக்கேஜுக்குப் பிடிக்கிற டிசிஎஸ் செலவு இல்ல, ஐடிஆர்ல கழிச்சுக்கலாம். ஆனா அந்தப் பணத்தையும் முதல்ல நீங்கதான் போடணும்.

லோனா, சேமிப்பா?

13.7 லட்சத்துக்கு 14% வட்டியில 5 வருஷ லோன்: இஎம்ஐ சுமார் 31,900. வட்டி மட்டுமே 5.4 லட்சம்! அதே 5 வருஷம் 7% ஆர்டி போட்டா மாசம் சுமார் 19,100 போதும். வட்டிக்கு வரி, டிக்கெட் விலை ஏத்தம் இதுக்கெல்லாம் சேர்த்து 23,000-ஆ வெச்சாலும் இஎம்ஐயை விடக் கம்மி.

அதனால அந்த நண்பருக்கு என் பதில்: போங்க, ஆனா லோன்ல வேண்டாம். 6 மாச எமர்ஜென்சி ஃபண்டும் டெர்ம் இன்சூரன்ஸும் முடிச்சுட்டு, அப்புறம் "பென்குயின் ஆர்டி"னு தனியா ஒண்ணு ஆரம்பிங்க. 24 மணி நேரத்துக்காக 60 மாசம் இஎம்ஐ கட்டினா, ஊர் திரும்பின பிறகு பென்குயின் ஞாபகம் வராது, பேங்க் மெசேஜ்தான் வரும்.

உங்க கனவு டிரிப் எதுன்னு கமென்ட்ல சொல்லுங்க, அடுத்த கணக்கு அதுக்கே போடுவோம்!