ஊவாவில் மழை பொய்த்தால் செய்மதிக்கு என்ன தெரியும்?

ஆடி, ஆவணியில் பதுளைப் பக்கம் மழை இல்லையென்றால் யாரும் திடுக்கிடுவதில்லை. தென்மேற்குப் பருவமழையை ஹட்டன், நுவரெலியா மலைகள் வாங்கிக்கொள்ள, மிஞ்சி வரும் கச்சான் காற்று காய்ந்துபோய்த்தான் ஊவாவுக்குள் இறங்கும். அந்தக் காற்றில் கொழுந்து குறையும், வாசம் ஏறும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்குத் தனி மதிப்பு கிடைப்பது அதனால்தான். இங்கே மழைக்காலம் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும். அது ஏமாற்றினால்தான் ஊவாவுக்கு வரட்சி.

வரட்சியைக் கணிப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். பசறையில் ஆகஸ்டில் பெய்யும் 40 மில்லிமீற்றரும் நவம்பரில் பெய்யும் 40 மில்லிமீற்றரும் அளவில் ஒன்று. ஆனால் நவம்பரில் அது ஆபத்து. ஆகவே ஓர் இடத்தின் இந்த மாத மழையை, அதே இடத்தில் அதே மாதத்தில் முப்பது நாற்பது வருடமாகப் பெய்ததோடு ஒப்பிட வேண்டும். அத்தனை வருடக் கணக்கு எல்லா இடத்துக்கும் கிடைக்காது. பதுளை, பண்டாரவளை, தியத்தலாவையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையங்கள் உண்டு. ஆனால் பள்ளத்தாக்குக்கு ஒரு மழை பெய்கிற மாகாணத்துக்கு அவை போதா.

அந்த இடைவெளியில்தான் செய்மதி வருகிறது. அது இரண்டு வழியில் மழையை ஊகிக்கிறது. ஒன்று, அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. உயர எழும்பிய மேகம் அதிகம் குளிர்ந்திருக்கும், அதில் மழை இருக்கும் என்பது கணக்கு. மற்றது, மேகத்துக்குள் இருக்கும் துளிகளையும் பனித்துகள்களையும் நுண்ணலைகளால் உணர்வது. நாசாவும் ஜப்பானும் சேர்ந்து 2014 பெப்ரவரியில் ஏவிய ஜி.பி.எம். செய்மதி இந்த இரண்டாவது வகை. அதையும் மற்றச் செய்மதிகளையும் இணைத்து, ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் அரைமணிக்கு ஒரு மழைக் கணக்கு போடுகிறார்கள்.

வரட்சி பார்ப்பவர்கள் அதிகம் நாடுவது ‘சிர்ப்ஸ்’ என்ற தரவுத்தொகுதியை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகமும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமும் உருவாக்கியது இது. 1981 முதலான கணக்கு, சுமார் ஐந்து கிலோமீற்றர் சதுரம். செய்மதி சொல்வதைத் தரையிலுள்ள மழைமானிகளைக் கொண்டு திருத்துவதும் இதில் உண்டு. எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பின் 1985 இல் அமெரிக்கா தொடங்கிய பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பின் தேவைக்காகவே இது வளர்ந்தது. நம் நாட்டில் பத்தரமுல்லையில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம், செய்மதி மழையோடு பயிர்ப் பசுமையையும் மண் ஈரத்தையும் சேர்த்துத் தெற்காசியாவுக்கு வரட்சி வரைபடம் தயாரிக்கிறது.

மலைநாட்டில் இந்தக் கணக்கு தடுமாறும். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர். நமுனுகுல உச்சி 2,000 மீற்றரைத் தாண்டும். இரண்டையும் ஒரே சதுரத்துக்குள் போட்டால் கிடைக்கும் சராசரி இரண்டுக்குமே பொருந்தாது. மலையில் மோதித் தாழ்வாகவே நின்று பெய்யும் மேகத்தின் உச்சி அவ்வளவு குளிராது. அகச்சிவப்புக் கண்ணுக்கு அது மழை மேகமாகவே படுவதில்லை. தரையில் பீலி நிறைய ஓட, வரைபடத்தில் மழை குறைவாகத் தெரியும்.

இதைத் திருத்தும் சாமான் நம் கையிலேயே இருக்கிறது. பல தோட்டங்களில் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதிவைக்கும் பழக்கம் வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து வருகிறது. உரம் போடவும் கவ்வாத்து வெட்டவும் நாள் பார்க்க எழுதிய கொப்பிகள் அவை. ஒரு தோட்டத்தின் இருபது வருடக் கொப்பி கணினியில் ஏறினால், அந்த மலைச்சரிவுக்குச் செய்மதி எவ்வளவு தவறுகிறது என்று தெரிந்துவிடும். அலுமாரியில் கறையான் தின்னும் கொப்பிக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

மழைக் கணக்குக்குப் பிடிபடாத வரட்சியும் உண்டு. 2014 டிசம்பரில் உமா ஓயா நீர்த்திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டபோது பண்டாரவளைச் சுற்றுவட்டத்தில் கிணறுகள் வற்றின. அதற்கு வானம் பொறுப்பில்லை.

சரி, மழைக் குறைவு அடுப்படிக்கு எப்படி வந்து சேர்கிறது? 2016 ஒக்டோபரில் வரவேண்டிய மழை பொய்த்தது. அடுத்து வந்த பெரும்போகம் கருகியது. 2017 இல் நாட்டின் நெல் விளைச்சல் 27 இலட்சம் தொன்னாக, அதாவது முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 40 வீதம் குறையும் என்று ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து மதிப்பிட்டன. சுமார் ஒன்பது இலட்சம் பேருக்கு உணவு நெருக்கடி என்றன. தேயிலை அதற்கு முன்பே சரிந்திருந்தது. 2015 இல் 329 மில்லியன் கிலோ, 2016 இல் 292 மில்லியன். அதற்குக் காலநிலை மட்டும் காரணமில்லை என்றாலும் பெரும் பங்கு அதற்குண்டு.

வயலுக்காரருக்கு வரட்சி வயலில் தெரியும். லயத்தில் இருப்பவருக்கு வயல் இல்லை, அரிசியும் மாவும் கடையில்தான். மலையில் கொழுந்து இல்லாதபோது நிர்ணயித்த கிலோ வராது, முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, அரைப்பேராகும், வேலை நாளும் குறையும். அதே மாதங்களில் அரிசி விலை ஏறும். கூலி இறங்கி விலை ஏறும் இந்த இரட்டை அடி எந்தச் செய்மதிப் படத்திலும் விழாது. தேயிலைச் செடி கொழுந்து விடாவிட்டாலும் பச்சையாகவே நிற்பதால் பயிர்ப் பசுமைக் கணக்கும் பாதி ஏமாற்றும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். ஏற்கெனவே மெலிந்த வயிற்றில்தான் ஒவ்வொரு வரட்சியும் வந்து உட்காருகிறது.

வெலிமடையில் உருளைக்கிழங்கு போடுபவரின் இழப்பை ஏக்கர் கணக்கில் எடுக்கலாம், பயிர்க் காப்புறுதியிலும் அதற்கு இடமுண்டு. கொழுந்து பறிப்பவரின் இழப்பு செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் மட்டும் கிடக்கிறது. செய்மதி வரைபடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது அந்தச் செக்ரோல் கணக்கைத்தான்: எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்தில், எத்தனை பேர் விழுந்தது என்று. மாத முடிவில் தோட்டக் கந்தோரில் எப்படியும் கூட்டிப்போடுகிற கணக்குத்தானே அது.

2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்தது. அப்படி மழை கூடினால் எச்சரிக்க ஊவாவில் ஓரளவு ஏற்பாடு உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். மழை வராமல் போவதற்கு அப்படி ஓர் எல்லை தோட்டங்களுக்கு இல்லை. இத்தனைக்கும் மண்சரிவைப்போல் ஓரிரவில் வருவதல்ல வரட்சி. ஒக்டோபர், நவம்பர் கணக்கு டிசம்பர் நடுவிலேயே கைக்கு வந்துவிடும். அரைப்பேர் விழுவதும் கடைக் கொப்பியில் கடன் ஏறுவதும் பெப்ரவரி, மார்ச்சில்தான்.