சாவி இழந்த சில்லு

வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறோம். பெட்டகத்துக்குப் பூட்டுப் போடுகிறோம். தோட்டத்து நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் சங்கிலியிட்டுப் பூட்டுகிறோம். காரின் சில்லுக்கும் பூட்டுப் போடும் காலம் இது. ஆனால், கள்வனைத் தடுக்கப் போட்ட அந்தப் பூட்டு, அதன் சாவி தேய்ந்துவிட்டால் உடையவனையே நடுவழியில் மறித்துவிடும். வேலியே பயிரை மேய்வது போன்ற இத்தொல்லையை நீக்கும் வழியை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று.

காரின் ஒவ்வொரு சில்லையும் நான்கு அல்லது ஐந்து சுரைகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நட்டு என்று கராஜில் சொல்வதும் இதனையே. சாதாரணச் சுரை அறுகோண வடிவினது; எந்த ஸ்பனரும் அதனைக் கழற்றும். விலையுயர்ந்த அலோய்ச் சில்லுகள் திருட்டுப் போகாதிருக்க, சில்லுக்கு ஒன்றாக ஒரு பூட்டுச் சுரையைப் பொருத்துவர். அதன் தலையில் பூவிதழ் போலவோ அலை போலவோ ஒரு கோலம் வெட்டப்பட்டிருக்கும். அக்கோலத்துக்கு இணையான சாவி ஒன்றே அதனைத் திருப்பும். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கார்கள் சிலவற்றில் இச்சுரை இருப்பதை, முதன்முறை ரயரில் காற்றுப் போகும் நாளிலேயே உடையவர் அறிந்துகொள்வதும் உண்டு.

இச்சுரை பழுதாவதற்குக் காரணம் மூன்று. முதலாவது, காற்றழுத்தத்தால் இயங்கும் திருகு கருவி. சிறிய கார் ஒன்றின் சுரைக்கு ஏறக்குறைய 10 கிலோகிராம் மீற்றர் திருப்புவிசை போதும். அக்கருவியோ அதனிலும் பல மடங்கு விசையுடன் அறைந்து இறுக்க வல்லது. இரண்டாவது, சாவியைச் சரிவரப் பதிக்காமல் திருப்பும் அவசரம். கோலத்தின் விளிம்புகள் மழுங்குவது அப்பொழுதுதான். மூன்றாவது கறள். ஒரு பக்கம் அராலியின் களப்பும், மறு பக்கம் காரைநகருக்குச் செல்லும் பொன்னாலைத் தாம்போதியும் சூழ்ந்த வட்டுக்கோட்டைக்கு உப்புக்காற்றின் குணத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. உப்பும் ஈரமும் சேருமிடத்தில் இரும்பு விரைவில் கறள்பிடிக்கும்.

இஃது அற்ப விஷயமன்றோ எனச் சிலர் எண்ணலாம். நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் கார், சங்கரத்தைச் சந்திக்கு அப்பால் ரயர் வெடித்து நின்றுவிட்டதென வைத்துக்கொள்வோம். பின்பெட்டியில் மாற்றுச் சில்லு இருக்கிறது, ஜக் இருக்கிறது, சாரதியின் கையில் வலுவும் இருக்கிறது. ஒரேயொரு சுரை அசைய மறுத்தால் இவையனைத்தும் இருந்தும் பயனில்லை. கட்டைவிரல் பருமனேயுள்ள இரும்புத்துண்டு ஒன்றில் இரண்டு உயிர்கள் தொங்கி நிற்கும் நேரமது.

கழற்ற முடியாததைக் கழற்றும் வித்தை யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருளும் உதிரிப்பாகமும் அரியனவாகிவிட்டபோது, ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களைத் தெருவில் ஓட வைத்தவர்கள் நமது மெக்கானிக்குகள். சிறிதளவு பெற்றோலை ஊற்றி இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. சூடேறிய இயந்திரத்தில் ஆவியாகும். அழுத்த விகிதம் குறைந்த அப்பழைய இயந்திரங்களும் அதனைப் பொறுத்துக்கொண்டன. புதிய பாகம் கிடைக்காதபோது பழையதை உடைக்காமல் கழற்றுவதே பெரிய வித்தை. அந்தப் பொறுமையே இங்கும் வேண்டும்.

இனி, செய்முறைக்கு வருவோம். முதலில் சாவியைத் தேடுக. அது மாற்றுச் சில்லின் அடியிலோ, ஜக் வைக்கும் பையிலோ, முன் இருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியிலோ கிடக்கலாம். சாவியிலோ அதனுடன் வந்த அட்டையிலோ இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பின், அதனைக் கொண்டு வேறொரு சாவி வரவழைத்தலும் கூடும்.

காரைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடையை இழுத்து, ஏனைய சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுக்கவேண்டும். சில்லு தரையில் பதிந்திருக்கும்போதே சுரையை இளக்கவேண்டும். ஜக்கில் உயர்த்திய பின் அதனோடு மல்லுக்கட்டுதல் ஆபத்து. ஏனைய சுரைகளை முன்னரே இளக்கியிருந்தால், அவற்றைத் திரும்பவும் இறுக்குக. இது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், சில்லின் பாரம் முழுவதையும் பூட்டுச் சுரை தனியே சுமந்து நிற்கும்போது அதன் பிடி மேலும் கடுமையாகும். ஏனையவை இறுகினால் அதன் சுமை குறையும்.

பின்னர் கறள் இளக்கும் எண்ணெயைச் சுரையின் அடியில் விட்டுச் சிறிது நேரம் பொறுத்திருக்க வேண்டும். கோலம் ஓரளவேனும் எஞ்சியிருந்தால், அழுக்கைத் துடைத்து, சாவியைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பதித்து, நீண்ட கைபிடியுள்ள ஸ்பனரால் இடஞ்சுழியாகத் திருப்புக. மாணவர்கள் இங்கே நெம்புகோலின் விதியை நினைவுகூரலாம். 40 சென்ரிமீற்றர் நீளமுள்ள பிடியின் நுனியில் 25 கிலோகிராம் விசை கொடுத்தால் 10 கிலோகிராம் மீற்றர் திருப்புவிசை கிடைக்கும்; பிடியின் நீளத்தை இரட்டித்தால் பாதி விசையே போதும். 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியில் கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் போதிக்கப்பட்டன. ஏட்டிலே கற்கும் அத்தகைய விதி தெருவோரத்திலும் உதவுமென்பதற்கு இஃதோர் உதாரணம்.

கோலம் முற்றாக மழுங்கியிருந்தால், சுரையின் புறவிட்டத்தைவிடச் சற்றே சிறிய சொக்கெட் ஒன்றை அதன்மேல் அறைந்து ஏற்றித் திருப்புவது மெக்கானிக்குகளின் வழக்கம். இதற்கென்றே உட்புறம் இடம்புரிப் பற்கள் வெட்டிய சொக்கெட்டுகளும் உண்டு. திருப்பத் திருப்ப அவை சுரையை ஆழமாகக் கவ்வும். சில பூட்டுச் சுரைகளின் வெளியே தானாகச் சுழலும் வளையம் ஒன்றிருக்கும். அவ்வகைக்கு இம்முறை எளிதில் பலிக்காது. தேர்ந்த கையே வேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. சுரையின் தலையில் வேறொரு சுரையை வெல்டிங் செய்து கழற்றுவதும், தீ நாக்கால் சூடேற்றுவதும் சிலர் கையாளும் வழி. ரயர் பூட்டிய சில்லில் கடும் சூடு ஏறினால், ரயரின் உள்ளே எரியக்கூடிய வாயுக்கள் உண்டாகி, அது குண்டு போல் வெடிக்கக்கூடும். அருகில் நிற்பவரின் உயிரையே அது பறிக்கும். ஆகவே, வீட்டு முற்றத்தில் இதனை ஒருபோதும் முயலலாகாது. துளையிட்டு எடுப்பதையும் கராஜுக்கே விட்டுவிடுதல் நலம். ஆணி முறிந்தாலும் கவலையில்லை. பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் அதனைக் குடத்திலிருந்து தட்டி எடுத்துப் புதியதைப் பொருத்தலாம்.

கழற்றிய பின்னும் கடமை முடிந்துவிடவில்லை. ஆணியின் புரி கெட்டிருக்கிறதா எனப் பார்க்கவேண்டும். புதிய சுரை வாங்கும்போது விட்டம் ஒன்றாயிருந்தால் மட்டும் போதாது. ரொயோட்டாக் கார்கள் பெரும்பாலானவற்றில் 12 மில்லிமீற்றர் ஆணிக்குப் புரியிடை 1.5 மில்லிமீற்றர், சுசுக்கிக் கார்கள் பலவற்றில் அது 1.25 மில்லிமீற்றர். ஒன்றை மற்றொன்றில் பலவந்தமாக ஏற்றினால் புரி அழிந்துவிடும். சுரை அமரும் அடிப்பாகமும் சில்லுக்கு ஒத்திருக்கவேண்டும். சிலவற்றில் அது கூம்பு வடிவினது, ஹொண்டாவின் சில்லுகளிலோ உருண்டை வடிவினது. சுரைகளைக் கையால் ஏற்றி, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக மாறி மாறி இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கவேண்டும். ஓடும் காரிலிருந்து கழன்ற சில்லு வழிப்போக்கரையும் மோதிக் கொல்லவல்லது.

2020 மார்ச்சில் இலங்கையில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் உள்ள காரையே பேணி ஓடவேண்டியதாயிற்று. பேணுதலில் முதன்மையானது முன்யோசனை. அடுத்த ஞாயிறு காலையில் வீட்டிலுள்ள ஆண் பெண் அனைவரும் காரைச் சூழ்ந்து நின்று, சாவி இருக்குமிடத்தை அறிந்து, ஒவ்வொரு பூட்டுச் சுரையையும் கையால் ஒருமுறை இளக்கி, திரும்ப இறுக்கிப் பாருங்கள். மழுங்கத் தொடங்கியதைக் கண்டால், அன்றே சாதாரணச் சுரையாக மாற்றிவிடுங்கள். சில்லு களவு போனால் பொருளை மீண்டும் தேடிக்கொள்ளலாம். நள்ளிரவில் தவறிய நாழிகையை எந்தக் கராஜிலும் வாங்க இயலாது.